ஏஜென்ட் கையில் டீபகர்: எந்த வழியில் கொடுப்பது?

கோடிங் ஏஜென்ட்டுக்கு, அதாவது தானே நிரல் எழுதித் திருத்தும் ஏஐ மாடலுக்கு, ஷெல் கொடுத்தாயிற்று, கோப்பைத் திருத்தும் டூலும் கொடுத்தாயிற்று. அடுத்தது டீபகர், அதாவது ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே இருக்கும் மதிப்புகளைப் பார்க்க உதவும் கருவி. அதைக் கொடுக்க இன்றைக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. எதுவும் கொடுக்காமல் பிரின்ட் போட்டே பார்க்கச் சொல்லலாம். டீபகரை ஒரே கட்டளையில் ஓட்டி, பதிலை வாங்கி, மூடிவிடலாம். டீமக்ஸ் போன்ற டெர்மினலுக்குள் அதைத் திறந்தே வைத்து ஒவ்வொரு கட்டளையாக அனுப்பலாம். டிஏபி (எடிட்டரும் டீபகரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) பேசும் எம்சிபி சர்வர் (ஏஜென்ட்டுக்கு டூல்களைக் கொடுக்கும் நிரல்) ஒன்றை நடுவில் நிறுத்தலாம். அல்லது ஓட்டத்தையே பதிவுசெய்து பின்னோக்கிப் போகலாம்.

இங்கே பைத்தானை முதன்மையாக வைத்தும், சி, சி++ வரும் இடங்களில் அவற்றின் டீபகரான ஜிடிபி-யை வைத்தும் ஒப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலான ரெப்போக்களுக்கு இரண்டாவது வழி போதும். டிஏபி சர்வருக்குப் போடும் உழைப்பு சில குறிப்பிட்ட சூழல்களில்தான் திரும்பக் கிடைக்கும். வரிவரியாக ஸ்டெப் போடுவதை, எந்த வழியை எடுத்தாலும், கடைசி ஆயுதமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு எங்கே விழுகிறது

மனிதர் ஸ்டெப் போடும் எஃப்10 விசையை நாற்பது முறை தட்ட அரை நிமிடம்கூட ஆகாது. ஏஜென்ட்டுக்கு ஒவ்வொரு தட்டலும் ஒரு முழு மாடல் அழைப்பு; அதுவரை நடந்த உரையாடல் அத்தனையும் மறுபடி உள்ளே போகிறது. கான்டெக்ஸ்டில் (மாடல் ஒவ்வொரு முறையும் படிக்கும் உரையாடலில்) ஏற்கெனவே 30,000 டோக்கன் (சொல் துணுக்கு) இருக்கிறது, ஒவ்வொரு ஸ்டெப்பும் 300 டோக்கன் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 ஸ்டெப் போட்டால் மொத்தம் 14 லட்சத்துக்கும் மேல் டோக்கன் உள்ளே போயிருக்கும். பிராம்ப்ட் கேஷிங் (முன்பே அனுப்பிய பகுதியைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவது) இருந்தால் விலை இறங்கும். காத்திருக்கும் நேரம் இறங்காது. அழைப்புக்கு ஐந்து விநாடி என்றால் இருநூறு விநாடி. அதற்குள் கான்டெக்ஸ்ட் முழுக்க "இப்போது 41-ஆம் வரி, இப்போது 42-ஆம் வரி" என்ற குப்பை நிறைந்திருக்கும். பத்து அழைப்புக்கு முன் எதைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பதே அந்தக் குப்பைக்குள் புதைந்துவிடும்.

ஆகவே ஒரு டூலை மதிப்பிட நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஓர் அழைப்புக்கு எவ்வளவு தகவல் திரும்பி வருகிறது?

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2025-இல் வெளியிட்ட டீபக்-ஜிம் சூழல் இதற்கு நல்ல சான்று. ஏஜென்ட்டுகளுக்குப் பைத்தானின் டீபகரான பிடிபி-யைக் கொடுத்து, பிழை திருத்தும் திறனை அளக்கும் எஸ்டபிள்யூஇ-பென்ச் லைட்டின் 300 கணக்குகளில் சோதித்தார்கள். அங்கே முதலிடத்தில் வந்த மாடல்கூடப் பாதியைத் தாண்டவில்லை. படிப்படியாக முடிவெடுத்துப் பிழை தேடும் நடத்தை பயிற்சித் தரவில் குறைவாக இருப்பதை அவர்களே ஒரு காரணமாகச் சொன்னார்கள். மாடல்கள் அதன்பிறகு வளர்ந்திருக்கின்றன. ஆனாலும் டீபகரைக் கையில் கொடுத்தால் மட்டும் அதைப் பயன்படுத்தத் தெரிந்துவிடாது என்ற பாடம் நிற்கிறது.

பிரின்ட் போட்டுப் பார்ப்பது

இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. எல்லா மாடலுக்கும் தெரிந்த வழி, எல்லா மொழியிலும் வேலை செய்யும், அமைப்பு வேலை பூஜ்ஜியம். ஓட்டம் இரண்டு மூன்று விநாடியில் முடிகிற நிரலுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சறுக்கும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பைத்தான் வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குப் போகும்போது பஃபரில் தேங்கும். நிரல் தொங்கி, டைம்அவுட்டில் கொல்லப்பட்டால் கடைசி பிரின்ட்டுகள் வெளியே வரவே வராது. "இந்த வரிக்கு நிரல் வரவே இல்லை" என்று ஏஜென்ட் தவறாக முடிவு கட்டிவிடும். பஃபரை அணைக்கும் சூழல் மாறியை ஏஜென்ட்டின் ஷெல்லிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். சி நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும்போதும் இதே கதைதான். ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதினால் தப்பிக்கலாம். டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்ட், தேர்ச்சி பெற்ற டெஸ்டின் பிரின்ட்டைக் காட்டாது. "-எஸ்" கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் போட்ட பிரின்ட்டை எடுக்க மறப்பது ஏஜென்ட்டுக்கும் வழக்கம். கமிட்டுக்கு முன் டிஃப்பைப் பார்க்கச் சொல்லி, ஏஜென்ட் படிக்கும் அறிவுரைக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடலாம்.

பிரின்ட் தோற்பது இரண்டு இடங்களில். ஒன்று, மறுபடி கம்பைல் செய்யப் பல நிமிடம் பிடிக்கும் சி++ திட்டம். அங்கே ஜிடிபி-யின் "டிபிரின்ட்எஃப்" கட்டளை கைகொடுக்கும்: கோடைத் தொடாமல், மறுபடி கம்பைல் செய்யாமல், குறிப்பிட்ட வரியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வரி அச்சிட்டுவிட்டுப் போகும். இரண்டாவது, எதை அச்சிடுவது என்றே தெரியாத நிலை.

ஒரே கட்டளையில் ஓட்டி மூடுவது

நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எடுத்துக்காட்டும் அப்படியே இருக்கட்டும். பில் போடும் நிரலில் "விலை" என்ற ஃபங்ஷன். அது "வரிசை", "தள்ளுபடிகள்" என்று இரண்டு மதிப்புகளை வாங்குகிறது. இரண்டாவதற்கு டீஃபால்ட்டாக வெற்றுப் பட்டியல். உள்ளே அந்த வரிசைக்கு உரிய தள்ளுபடியைப் பட்டியலில் சேர்த்து, பட்டியலின் கூட்டுத்தொகையை விலையிலிருந்து கழிக்கிறது. 4,000 வரிசை உள்ள கோப்பில், 37-ஆவது வரிசையிலிருந்து தொகை மைனஸில் வருகிறது.

ஸ்டெப் போட்டுப் போனால், ஃபங்ஷனுக்குள் ஆறு வரி என்று கொண்டாலும், 37-ஆவது வரிசையை எட்ட இருநூறுக்கு மேல் அழைப்பு. ஒரே கட்டளையில் ஓட்டினால் இப்படி: பைத்தானை "-எம் பிடிபி" என்று தொடங்கி, "-சி" ஸ்விட்ச் வழியாகக் கட்டளைகளை வரிசையாகக் கொடுக்கிறது ஏஜென்ட். தொகையைத் திருப்பி அனுப்பும் வரியில் பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்), கமா போட்டு "தொகை < 0" என்ற நிபந்தனை, பிறகு கன்டினியூ, நிற்கும் இடத்தைக் காட்டும் "வேர்" கட்டளை, லோக்கல் மாறிகள் அத்தனையும் அச்சிடு, குவிட். ஓர் அழைப்பு. திரும்பி வரும் பதிலில், ஒரே ஒரு தள்ளுபடி இருக்க வேண்டிய பட்டியலில் 37 உருப்படிகள் நிற்கின்றன.

இனி கேள்வி மாறுகிறது: முந்தைய வரிசைகளின் தள்ளுபடி இங்கே எப்படி வந்தது? இரண்டாவது ஓட்டத்தில் ஃபங்ஷனின் முதல் வரியில் பிரேக்பாயின்ட், "இக்னோர்" கட்டளையால் முதல் வருகையை விட்டுவிடு, இரண்டாவதில் நின்று பட்டியலைக் காட்டு. எதையும் சேர்க்கும் முன்பே அதில் ஓர் உருப்படி இருக்கிறது. பைத்தான் டீஃபால்ட் மதிப்பை ஃபங்ஷன் உருவாகும்போது ஒரே ஒரு முறைதான் உண்டாக்கும். எல்லா அழைப்பும் அதே பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு அழைப்பில் காரணம் கிடைத்தது. பிரின்ட்டிலும் கிடைத்திருக்கும், ஆனால் முதலில் தொகை, பிறகு விலை, பிறகு பட்டியல் என்று மூன்று நான்கு முறை கோப்பைத் திருத்தி ஓட்டியிருக்க வேண்டும். நின்ற இடத்தில் எல்லா மாறிகளையும் ஒரே வீச்சில் பார்ப்பதுதான் டீபகரின் உண்மையான லாபம்.

பிழை எறிந்து நிற்கும் நிரலுக்கு இன்னும் எளிது. கன்டினியூ மட்டும் கொடுத்தால் பிழை வெடித்த இடத்தில் பிடிபி தானாக நிற்கும். அங்கிருந்து "அப்" கொடுத்து, அழைத்த ஃபங்ஷனின் மாறிகளைப் பார்க்கலாம். ஒரு கண்ணி உண்டு. நிரல் பிழையில்லாமல் முடிந்துவிட்டால், பிடிபி அதை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டும். அப்போது மீதிக் கட்டளைகள் முதல் வரியில் நின்றபடி பதில் சொல்லும். ஏஜென்ட் அதை உண்மையான பதில் என்று நம்பிவிடும். "நிரல் முடிந்தது, மறுபடி தொடங்கப்படும்" என்ற பொருளில் பிடிபி அச்சிடும் செய்தியைத் தேடிப்பார்த்து, இருந்தால் மிச்சத்தை வெட்டியெறியும் பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று கட்டாயம் தேவை. நிரல் கோப்பில், டேட்டாபேஸில் எழுதுவதாக இருந்தால் மறு ஓட்டம் இரண்டாம் முறை எழுதவும் தொடங்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜிடிபி-யில் "-பேட்ச்" ஸ்விட்ச்சும், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு "-இஎக்ஸ்"ஸும். பேட்ச் முறையில், பக்கம் நிறைந்ததும் "தொடர என்டர் தட்டு" என்று நிற்பதும், வெளியேறும்போது உறுதி கேட்பதும் இருக்காது. ஏஜென்ட் தொங்கிப்போகும் காரணங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மாறியைக் கேட்டால் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று வந்தால், கம்பைலர் அதை நீக்கிவிட்டது என்று பொருள். "-ஓ2"வில் கட்டிய பைனரியோடு மல்லுக்கட்டாமல் "-ஓஜி" அல்லது "-ஓ0", கூடவே "-ஜி" சேர்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

இந்த வழியின் குறை வெளிப்படை: ஒவ்வொரு கேள்விக்கும் நிரல் முதலிலிருந்து ஓட வேண்டும். பிழை நிற்கும் இடத்துக்கு வரவே நான்கு நிமிடம் ஆகிறதென்றால், அல்லது பத்து ஓட்டத்தில் ஒருமுறைதான் பிழை வருகிறதென்றால், கணக்கு மாறிவிடும்.

டெர்மினலில் திறந்தே வைப்பது

டீமக்ஸில் பிடிபி-யைத் திறந்து, விசைகளை அனுப்பி, திரையைப் படிப்பது. அமைக்க அரை மணி நேரம் போதும், அதனால்தான் பலர் இதில் முதலில் விழுகிறார்கள். ஆனால் இந்த ஐந்தில் மிக அதிகமாகச் சத்தமில்லாமல் பொய் சொல்லும் வழி இதுதான்.

பிடிபி-யிலும் ஜிடிபி-யிலும் வெற்று வரி வந்தால் முந்தைய கட்டளை மறுபடி ஓடும். டூல் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஒரு என்டர் கூடுதலாக அனுப்பினால், ஒரு "நெக்ஸ்ட்" இரண்டாகிவிடும். ஏஜென்ட் 52-ஆம் வரியில் இருப்பதாக நினைக்கும், நிரல் 53-இல் நிற்கும். அதேபோல், நிரலில் "என்" என்றோ "சி" என்றோ ஒற்றை எழுத்து மாறி இருந்து, அதன் மதிப்பைப் பார்க்க ஏஜென்ட் அந்த எழுத்தை மட்டும் தட்டினால், பிடிபி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்கோ அடுத்த பிரேக்பாயின்ட்டுக்கோ போய்விடும். மதிப்பைப் பார்க்க எப்போதும் "பி" முன்னே வர வேண்டும் என்று டூல் விளக்கத்திலேயே எழுதுங்கள்.

பதில் எப்போது முடிந்தது என்று கண்டுபிடிப்பது இன்னொரு தலைவலி. பிராம்ப்ட் மறுபடி தெரியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு விநாடி தூங்கிவிட்டுத் திரையைப் படித்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும். பைத்தான் 3.14-இல் பிடிபி கோடை வண்ணத்தில் காட்டத் தொடங்கியிருக்கிறது. வண்ணக் குறியீடுகள் பதிலுக்குள் கலந்து வரும். வண்ணத்தை அணைக்கும் சூழல் மாறியை வைத்துவிட்டால் தீர்ந்தது. கன்டினியூ திரும்பியே வராத நேரத்துக்கு, 20 அல்லது 30 விநாடியில் கன்ட்ரோல்-சி அனுப்பி, நிற்கும் இடத்தைக் காட்டும் வழியும் வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு பார்த்தால், பாதி டிஏபி சர்வரை மோசமாக எழுதியிருப்போம்.

டிஏபி வழியாக எம்சிபி சர்வர்

டிஏபி, விஎஸ் கோடுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய நெறிமுறை. எடிட்டர் ஒருபக்கம், டீபகர் மறுபக்கம், நடுவில் ஜேசான் செய்திகள். பைத்தானுக்கு டீபக்பை, கோ மொழிக்கு டெல்வ், சி++, ரஸ்ட் ஆகியவற்றுக்கு எல்எல்டிபி-டிஏபி. ஜிடிபி-யும் 14-ஆம் பதிப்பு முதல் தானே டிஏபி பேசுகிறது. ஒரே டூலைப் பல மொழிகளுக்குப் பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய பலம். பதில்கள் திரையிலிருந்து சுரண்டி எடுத்ததாக இல்லாமல் கட்டமைப்போடு வருவது அடுத்தது.

ஆயத்த எம்சிபி சர்வர்கள் பல கிடைக்கின்றன. எதை எடுத்தாலும், சொந்தமாக எழுதினாலும், சோதிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

தொடக்க வரிசை முதலாவது. இனிஷியலைஸ், லான்ச், பிறகு "தயார்" என்ற நிகழ்வு வரக் காத்திருத்தல், பிரேக்பாயின்ட்டுகள், கடைசியில் அமைப்பு முடிந்தது என்ற செய்தி. டீபக்பை, லான்ச்சுக்கான பதிலை அந்தக் கடைசிச் செய்தி வந்த பிறகுதான் அனுப்பும். லான்ச்சின் பதிலுக்காக உட்கார்ந்துவிட்டு மற்றதைப் பிறகு அனுப்பலாம் என்று எழுதினால் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டே இருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இரண்டாவது, ஒரு கோப்புக்குப் பிரேக்பாயின்ட் வைக்கும் செய்தி அந்தக் கோப்பின் பழைய பிரேக்பாயின்ட்டுகளை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதியவற்றை வைக்கும். ஏஜென்ட் 40-ஆம் வரியில் ஒன்று வைத்து, பிறகு 90-இல் ஒன்று வைத்தால், 40-இல் இருந்தது போயிருக்கும். முழுப் பட்டியலையும் சர்வர் நினைவில் வைத்து ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, பிரேக்பாயின்ட் "உறுதியாகவில்லை" என்று பதில் வந்தால் அதை ஏஜென்ட்டின் கண்ணில் படும்படி காட்ட வேண்டும். நிரல் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடி, கோப்புப் பாதை வெளியே வேறாக இருக்கும்போது இது வழக்கமாக நடக்கும். பாத் மேப்பிங் கொடுத்தால் சரியாகும். நூலகக் கோடுக்குள் நிற்க மறுத்தால், டீபக்பை-யில் "என் கோடு மட்டும்" என்ற அமைப்பு இயல்பாகவே ஆனில் இருப்பதுதான் காரணம்.

நான்காவது, மாறிகளை விரித்துப் பார்க்கத் தரப்படும் குறிப்பு எண்கள் நிரல் அதே இடத்தில் நின்றிருக்கும்வரைதான் செல்லும். ஒரு ஸ்டெப் போனாலே காலாவதி. அந்த எண்களை ஏஜென்ட்டிடம் கொடுக்கவே கூடாது. மாறியின் பெயரைக் கேட்டு, எண்ணை சர்வர் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டூலின் வடிவம். டிஏபி-யில் ஸ்டெப் என்ற கட்டளைக்குப் பதில் உடனே வந்துவிடும். நிரல் உண்மையில் நின்றதைத் தனி நிகழ்வு சொல்லும். இதை அப்படியே ஏஜென்ட்டுக்குக் கொடுத்தால் ஸ்டெப், ஸ்டாக், ஸ்கோப், மாறி என்று ஒரே நகர்வுக்கு நான்கு அழைப்பு. சர்வர் நின்றதற்காகக் காத்திருந்து, நிற்கும் இடம், சுற்றி ஐந்து வரி கோடு, மேல் மூன்று ஃபிரேம், மாறிய லோக்கல்கள் ஆகியவற்றை ஒரே பதிலில் கட்டித் தர வேண்டும். பதிலுக்கு 2,000 எழுத்து என்று உச்சவரம்பு வையுங்கள். ஒரு பெரிய டேட்டாஃபிரேம் அச்சானால் கான்டெக்ஸ்ட் அங்கேயே தீர்ந்துவிடும். "இந்த நிபந்தனை உண்மையாகும்வரை ஓடு" என்று ஒரு டூல் இருந்தால் ஸ்டெப் டூலின் தேவை பெருமளவு குறையும்.

இந்த உழைப்பு எப்போது தகும்? நிரல் நீண்ட நேரம் ஓடும் சர்வராக இருந்து, பிழை வரும் நிலைக்குக் கொண்டுவர நேரமோ பணமோ செலவாகும்போது. த்ரெட்டுகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கும்போது. ஒரே குழுவில் மூன்று நான்கு மொழிகள் புழங்கும்போது. மற்ற நேரங்களில் இல்லை.

பதிவுசெய்து பின்னோக்கிப் போவது

ஆர்ஆர், மோசில்லாவில் தொடங்கிய கருவி. லினக்ஸில் நிரலின் ஓட்டத்தை ஒருமுறை பதிவுசெய்தால், பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் நினைவக முகவரிகூட மாறாமல் அதே ஓட்டம். சி, சி++, ரஸ்ட் நிரலில் "இந்த நினைவகத்தைக் கெடுத்தது யார்" என்ற கேள்விக்கு இதற்கு இணையான வேறு வழி நமக்குத் தெரியாது: கெட்டுப்போன முகவரியில் வாட்ச்பாயின்ட் (மதிப்பு மாறும் இடத்தில் நிறுத்தும் குறி) வை, ரிவர்ஸ்-கன்டினியூ கொடு, கடைசியாக அங்கே எழுதிய வரியில் வந்து நிற்கும்.

ஏஜென்ட்டுக்கு இதில் இன்னொரு வரவு இருக்கிறது. முதல் ஓட்டத்தில் பார்த்த பாயின்டர் மதிப்பு அடுத்த ஓட்டத்திலும் செல்லும் என்பதால், டீபகரைத் திறந்தே வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது வழியின் பேட்ச் முறையை இந்தப் பதிவின் மேல் அப்படியே ஓட்டலாம். அவ்வப்போது மட்டும் வரும் பிழையும் ஒருமுறை பதிவில் சிக்கிவிட்டால் போதும்.

தடை வன்பொருளில். ஆர்ஆர்-க்கு பிராசசரின் பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர்கள் வேண்டும். பல கிளவுட் மெஷின்களில் அவை மூடியிருக்கும். கெர்னலின் "பெர்ஃப் ஈவென்ட் பாரநாய்டு" மதிப்பு 1 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எல்லா த்ரெட்டையும் ஒரே கோரில் ஓட்டுவதால், பல கோர்களை நம்பியிருக்கும் நிரல் நன்றாகவே மெதுவாகும். ஏஜென்ட் ஓடும் சாண்ட்பாக்ஸில் இது தொடங்குகிறதா என்பதைத் திட்டம் போடுவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள்.

அனுமதியும் பாதுகாப்பும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு டீபகரை ஒட்ட முயன்று "அனுமதி இல்லை" என்று வந்தால், உபுன்டுவில் பெரும்பாலும் யாமா என்ற லினக்ஸ் பாதுகாப்பு அமைப்புதான் காரணம்: இயல்பு மதிப்பு 1-இல், தன் வழித்தோன்றல் அல்லாத பிராசஸைத் தொட விடாது. டீபகர் வழியாகவே நிரலைத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பைத்தான் 3.14 முதல் பிடிபி-யும் பிராசஸ் எண்ணைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளும். அதற்கும் உரிய அனுமதி வேண்டும்.

டீபக்பை திறக்கும் போர்ட்டில் கடவுச்சொல் கிடையாது. அதில் இணைந்தவர் எந்தக் கோடையும் அந்த நிரலின் உரிமையோடு ஓட்டலாம். 127.0.0.1-ஐத் தவிர வேறு முகவரியில் திறக்கவே கூடாது. அதே காரணத்தால், ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் "மதிப்பைக் கணக்கிடு" டூலும் ஷெல்லுக்குச் சமமான அதிகாரம் உடையது. ஷெல்லுக்கு அனுமதி கேட்கிற இடத்தில் இதற்கும் கேட்க வேண்டும். புரொடக்‌ஷனில் ஓடும் சர்வரில் பிரேக்பாயின்ட் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை: நிரல் நிற்கும்போது அது பிடித்த பூட்டுகள் விடுபடாமல் இருக்கும், ஹெல்த் செக் தோற்கும், ஆர்கெஸ்ட்ரேட்டர் பிராசஸையே கொன்றுவிடும்.

அறிவுரைக் கோப்பில் எழுத வேண்டியவை

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஏஜென்ட்டுக்கு இந்த வரிகள் தேவை. பிரேக்பாயின்ட் வைக்கும் முன், எந்த மாறியில் என்ன மதிப்பு எதிர்பார்க்கிறாய் என்று ஒரு வாக்கியத்தில் எழுது. தொடர்ந்து ஐந்து ஸ்டெப்புக்கு மேல் போகாதே. அதற்குள் தெரியவில்லை என்றால் நிபந்தனையோடு புதிய பிரேக்பாயின்ட் வை. கோப்பைத் திருத்தியதும் டீபக் அமர்வை மூடிவிடு, ஏனென்றால் நினைவகத்தில் ஓடுவது பழைய கோடு, வரி எண்கள் இனிப் பொருந்தாது. ஜெனரேட்டரிலிருந்து அடுத்த மதிப்பை எடுப்பது போன்ற, நிலையை மாற்றும் எதையும் டீபகருக்குள் ஓட்டாதே. பார்த்ததாலேயே ஓட்டம் மாறிவிடும். பைடெஸ்டைப் பல வொர்க்கர்களாகப் பிரித்து ஓட்டும்போது பிரேக்பாயின்ட் வைக்காதே; ஒரே வொர்க்கரில், அந்த ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டு. இவற்றோடு, டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சூழலில் பைத்தானின் பிரேக்பாயின்ட் சூழல் மாறியை 0 ஆக வைத்துவிடுங்கள். ஏஜென்ட் மறந்து விட்டுப்போன "பிரேக்பாயின்ட்" அழைப்பு அங்கே ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும்.